அறிமுக நூலும் பொதுமை பற்றிய வினாவும்

ஒரு துறையை அறியாதவர் அத்துறைக்குரிய நல்ல அறிமுக நூலை எவ்வாறு தேர்ந்துகொள்வார் என்னும் வினா, பிளேட்டோவின் மெனோன் உரையாடலில் எழுப்பப்படும் பழைய புதிரின் ஒரு வடிவமாகும்; தேடும் பொருளை முன்பே அறிந்தவருக்குத் தேடல் தேவையில்லை, அறியாதவருக்கோ அது எதிர்ப்பட்டாலும் தாம் தேடியது அதுவே எனக் கண்டுகொள்ள வழியில்லை என்பதே அப்புதிர். கற்கப் புகுவோர் அனைவருக்கும் இவ்விடர் உண்டு எனினும், பொருள்நோக்கு நிரலாக்கத்தைக் கற்கப் புகுவோர்க்கு அது மேலும் கடுமையாகிறது. கணக்கிடும் முறையைக் கற்பிக்கும் நூலில் பிழை இருப்பின், விடை தவறும்போது அது வெளிப்பட்டுவிடும். பொருள்நோக்கு நிரலாக்க நூலைப் போல, உலகத்தை எவ்வாறு பகுத்துப் பெயரிடுவது என்று கற்பிக்கும் நூலில் பிழை இருப்பின், அப்பிழை கற்பவரின் பார்வைக்குள்ளேயே படிந்துவிடுவதால் நெடுங்காலம் புலப்படாமல் நிற்கும்.

பொருள்நோக்கு நிரலாக்கம் என்பது, நிரலை ஒன்றன்பின் ஒன்றாக நிறைவேறும் கட்டளைகளின் வரிசையாக மட்டும் கருதாமல், தமக்கெனத் தரவும் அத்தரவின்மேல் செயற்படும் வினைகளும் உடைய அலகுகள் ஒன்றையொன்று ஏவிப் பணிபுரியும் அமைப்பாகக் கருதும் முறையாகும். அத்தகைய அலகு ஆப்ஜெக்ட் எனப்படும். ஒரே அமைப்புடைய ஆப்ஜெக்ட்கள் பலவற்றுக்கும் பொதுவான வரையறை கிளாஸ் எனப்படும், அதனைத் தமிழ்ப் பாடநூல்கள் இனக்குழு என வழங்கும். வங்கிக்கான நிரல் ஒன்றில் சேமிப்புக் கணக்கு என்பது கிளாஸ் எனில், குறிப்பிட்ட ஒரு வாடிக்கையாளரின் கணக்கு அக்கிளாஸின் ஆப்ஜெக்ட் ஆகும். ஒரு கிளாஸ் மற்றொன்றின் இயல்புகளைப் பெற்றுத் தனக்குரியவற்றையும் சேர்த்துக்கொள்வது மரபுரிமம். உள்ளமைப்பைப் பிறர் அணுகாதவாறு மறைத்து, வெளியே தெரிய வேண்டியவற்றை மட்டும் காட்டுவது உறைபொதியாக்கம். ஒரே ஏவலுக்கு வெவ்வேறு ஆப்ஜெக்ட்கள் தத்தமக்குரிய முறையில் செயற்படுவது பல்லுருவாக்கம். இச்சொற்களின் இலக்கணத்தை எந்த அறிமுக நூலும் தரும். ஆனால் கிளாஸ் என்பது உலகில் உள்ள ஒன்றின் பிரதியா, அறிவு செய்துகொண்ட ஏற்பாடா என்னும் வினாவுக்கு, கேளாமலேயே விடை தந்துவிடும் நூல்களே மிகுதி.

இவ்வினா கணினிக்கு மிக முந்தியது; அதுவும் ஓர் அறிமுக நூலிலேயே புகழ்பெற்ற வடிவம் கொண்டது. கி.பி. 3ஆம் நூற்றாண்டில் பொர்பிரி என்னும் மெய்யியலார், அரிஸ்டாட்டிலின் வகைமைக் கொள்கையைக் கற்கத் தொடங்குவோர்க்காக ஈசாகோகே என்னும் சிறு நூலை இயற்றினார். இனம், இனத்தின் உட்பிரிவு, அவற்றை வேறுபடுத்தும் இயல்பு ஆகியவற்றை விளக்கும் அந்நூல், உள்பொருள் என்பதில் தொடங்கி, உடலுடையது, உயிருடையது, விலங்கு, மனிதன் எனப் படிப்படியாக இறங்கும் பகுப்பைக் கற்பித்தது; பிற்காலத்தில் பொர்பிரியின் மரம் எனப் பெயர்பெற்ற அப்பகுப்பு, இன்றைய நிரலாக்க நூல்களில் வரையப்படும் மரபுரிமப் படங்களோடு வியப்பூட்டும் ஒற்றுமை உடையது. நூலின் தொடக்கத்திலேயே பொர்பிரி மூன்று வினாக்களை எழுப்புகிறார்: இனங்கள் உண்மையில் உள்ளனவா, எண்ணத்தில் மட்டும் உள்ளனவா; உள்ளன எனில் உடலுடையனவா, உடலற்றனவா; புலன்களுக்கு எட்டும் பொருள்களில் தங்கியுள்ளனவா, அவற்றினின்றும் தனித்துள்ளனவா. இவை ஆழ்ந்த ஆராய்ச்சியை வேண்டுவன, தொடக்க நிலை நூலுக்கு உரியன அல்ல என்று கூறி அவர் விடையளிக்காமல் கடந்துசெல்கிறார். 6ஆம் நூற்றாண்டில் போயத்தியஸ் அந்நூலை இலத்தீனில் பெயர்த்து உரை எழுதியபின், கடந்துசெல்லப்பட்ட அவ்வினாக்களே இடைக்கால ஐரோப்பாவின் பெரும் மெய்யியல் வழக்காக வளர்ந்தன. ஓர் அறிமுக நூல் விடை கூறாது விட்டதனால் பிழைபட்டதாக எவரும் கொள்ளவில்லை. ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக அதுவே தருக்கத்தின் தொடக்கப் பாடமாக நின்றது. வினா இருக்கிறது என்பதைக் கற்பவருக்கு அறிவித்த பின்பே அதனை ஒத்திவைத்தமை அந்நூலின் நேர்மை.

நிரலாக்க நூல்கள் இந்நேர்மையை எய்துவது அரிதாக இருப்பதற்கு அத்துறையின் பிறப்பிலேயே காரணம் உண்டு. 1960களில் ஒஸ்லோவிலுள்ள நோர்வே கணிப்பு மையத்தில் கிறிஸ்டன் நிகார்டும் ஓலே-யோஹான் டாலும் உருவாக்கிய சிமுலா மொழி, உலகில் நிகழும் செயல்முறைகளைக் கணினியில் போன்மைப்படுத்துவதற்காகத் தோன்றியது. கிளாஸ், உட்கிளாஸ் ஆகிய கருத்துகளைக் கொண்ட சிமுலா 67 வெளிவந்தபோது, ஓர் ஆப்ஜெக்ட் வெளியுலகப் பொருளொன்றைக் குறித்து நிற்பதாகக் கருதுவது முற்றிலும் இயல்பாக இருந்தது. போன்மை செய்பவருக்கு உலகம் முன்னும் நிரல் பின்னுமாகவே அமையும். ஆனால் அதே காலத்தில் பொருள்நோக்கு என்னும் பெயரையே வழங்கிய ஆலன் கே வேறொரு திசையிலிருந்து வந்தார். உயிரியல் பயின்ற அவர், உயிரணுக்கள் தம் உள்ளமைப்பை மறைத்துக்கொண்டு செய்திகளால் மட்டும் தொடர்புகொள்வது போன்ற அமைப்பை நாடினார். 1970களில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வு மையத்தில் உருவான ஸ்மால்டாக் மொழி அதன் விளைவு. 1993இல் அம்மொழியின் வரலாற்றை எழுதியபோது, அதன் ஆப்ஜெக்ட்கள் லைப்னிட்சின் மோனாடுகளை, அதாவது பிரிக்கவியலாத தன்னிறைவுள்ள உள்பொருள்களை ஒத்தவை என்றும், அவற்றை ஆக்கும் முறை பிளேட்டோவின் கருத்துருக்களை நினைவூட்டுவது என்றும் அவரே குறிப்பிட்டார். மூன்றாவது மரபு, தரவின் உள்ளமைப்பை மறைப்பது பற்றி டேவிட் பார்னாஸ் 1972இல் எழுதிய கட்டுரையிலிருந்தும், பார்பரா லிஸ்கோவின் ஆய்விலிருந்தும் வருவது. அதில் ஆப்ஜெக்ட் என்பது உலகப் பொருளின் பிரதியுமன்று, தன்னுயிர் உடைய அணுவுமன்று, தன்னைப் பயன்படுத்துவோர்க்கு இன்னது செய்வேன் என்று உறுதி கூறும் ஓர் உடன்படிக்கை. பெர்ட்ரண்ட் மேயர் 1988இல் வெளியிட்ட பெருநூல் இவ்வுடன்படிக்கைக் கொள்கையை மிக விரிவாக நிறுவியது.

ஆகவே ஒரு பெயரின்கீழ் மூன்று கொள்கைகள் உள்ளன: ஆப்ஜெக்ட் உலகின் பொருளைப் பிரதிபலிப்பது என்பது ஒன்று, செய்திகளால் உறவுகொள்ளும் தனியலகு என்பது மற்றொன்று, நடத்தை பற்றிய உறுதிமொழி என்பது மூன்றாவது. அறிமுக நூல்கள் பெரும்பாலும் முதற்கொள்கையையே வாயிலாகக் கொள்கின்றன. விலங்கு என்னும் கிளாஸிலிருந்து நாயும் பூனையும் பிறக்கின்றன, வாகனம் என்பதிலிருந்து காரும் பேருந்தும் பிறக்கின்றன. இவ்வுதாரணங்கள் எளிதில் புரிவதற்குக் காரணம், கற்பவர் இப்பகுப்பைப் பள்ளிப் பருவத்திலேயே பெற்றுவிட்டமையே. அதனாலேயே அவை எதையும் கற்பிப்பதில்லை. நிரல் எழுதுவோர் எதிர்கொள்ளும் இடர், ஏற்கெனவே பகுக்கப்பட்ட உலகத்தைப் படியெடுப்பதில் இல்லை. எப்பயன் கருதி எங்கே கோடு கிழிப்பது என்று முடிவுசெய்வதில் இருக்கிறது.

இம்முடிவின் தன்மையைத் தெளிவாக்கக் கணிதத்திலிருந்து ஓர் எடுத்துக்காட்டு நெடுங்காலமாக வழங்கி வருகிறது. சதுரம் ஒவ்வொன்றும் செவ்வகமே என்பது வடிவியலில் ஐயத்துக்கு இடமற்ற உண்மை. ஆதலால் செவ்வகம் என்னும் கிளாஸிலிருந்து சதுரம் மரபுரிமம் பெறலாம் என்று தோன்றும். ஆனால் அச்செவ்வகத்தின் அகலத்தை மாற்றினால் உயரம் மாறாது என்பது அக்கிளாஸ் தரும் உறுதி எனில், சதுரம் அவ்வுறுதியைக் காக்க இயலாது. செவ்வகத்தை நம்பி எழுதப்பட்ட நிரல், சதுரம் அவ்விடத்தில் வந்தவுடன் பிழைபடும். உட்கிளாஸின் ஆப்ஜெக்ட் மேற்கிளாஸின் ஆப்ஜெக்ட் நிற்கும் எவ்விடத்திலும் நடத்தை பிறழாது நிற்க வேண்டும் என்னும் இக்கோட்பாட்டை, லிஸ்கோவ் 1987இல் ஒரு சிறப்புரையில் முன்வைத்து, 1994இல் ஜெனட் விங்குடன் இணைந்து முறைப்படுத்தினார். குறிப்பிடத்தக்கது யாதெனில், ஆக்கப்பட்ட பின் அளவு மாறாத வடிவங்களாக அவற்றை அமைத்தால் இதே மரபுரிமம் குற்றமற்றதாகிவிடுகிறது. சதுரத்தின் இயல்பு இரண்டிடத்தும் ஒன்றே. அதனிடம் எதிர்பார்க்கப்படும் வினை மாறும்போது வகைமையும் மாறுகிறது. எனவே நிரலில் வகைமையை நிலைநாட்டுவது பொருளின் சாரம் என்று கொள்வதைவிட, பயன் என்று கொள்வதே பொருந்தும்.

இனங்கள் உண்மையில் உள்ளனவா என்னும் வழக்கு இந்திய மெய்யியல் மரபில் வேறு நுட்பங்களோடு நடந்தது. நியாய-வைசேடிகர், பசுக்கள் பலவற்றிலும் பசுத்தன்மை என்னும் சாமானியம், அதாவது பொதுமை, நித்தியமாகவும் ஒன்றாகவும் உறைகிறது என்றனர். பௌத்தராகிய தர்மகீர்த்தி இதனை மறுத்து, சீந்தில் போன்ற மூலிகைகள் தம்முள் வேறுபட்டிருந்தும் காய்ச்சலைத் தணிப்பதில் ஒத்திருப்பதைச் சுட்டி, ஒரே விளைவைத் தரும் பொருள்களுக்குள் பொதுமை என ஒன்று உறைய வேண்டியதில்லை என்றும், வேறானவற்றினின்று விலக்கிக் காணும் அறிவே அவற்றை ஓரினமாக்குகிறது என்றும் வாதிட்டார். பொதுமையை ஏற்ற நியாய மரபிலும், எல்லாப் பொதுச்சொல்லுக்கும் பொதுமை உண்டு எனக் கொள்ளவில்லை. அம்மரபின் ஆசிரியராகிய உதயனர் தொகுத்த தடைகளுள் இரண்டு இங்குக் கருதத்தக்கவை. ஒரே ஒரு தனிப்பொருள் மட்டும் உள்ள இடத்தில் பொதுமை இல்லை. ஆகாயம் ஒன்றே ஆதலால் ஆகாயத்தன்மை பொதுமை ஆகாது. இரண்டு தன்மைகள் ஒன்றுள் ஒன்று அடங்காமல் ஒன்றையொன்று குறுக்கே வெட்டினாலும் அவை பொதுமைகள் ஆகா. நிலம், நீர், தீ, காற்று, ஆகாயம் ஆகியன பூதங்கள்; நிலம், நீர், தீ, காற்று, மனம் ஆகியன வரம்புற்ற வடிவுடையன; முதல் நான்கும் இரண்டிலும் அடங்கியும் ஆகாயமும் மனமும் ஒவ்வொன்றில் மட்டும் அடங்கியும் நிற்பதால் இங்குக் கலப்பு என்னும் குற்றம் நேர்கிறது. இவ்வாறு தடைப்பட்ட பொதுத்தன்மைகள் உபாதி, அதாவது அறிவினால் சார்த்தப்பட்ட அடையாளம் எனப்பட்டன.

நிரலாக்க மொழிகள் இம்மரபை அறிந்து எழுந்தவை அல்ல எனினும், அதே தடைகளில் அவை முட்டிக்கொண்டன. ஒரு கிளாஸ் இரண்டு மேற்கிளாஸ்களிலிருந்து மரபுரிமம் பெறலாமா என்னும் சிக்கல் கலப்பைப் பற்றியதே. சி++ அதனை அனுமதித்தது, 1995இல் வெளிவந்த ஜாவா அதனை விலக்கியது. விலக்கிய ஜாவா, இன்டர்ஃபேஸ் என்னும் வேறோர் உறுப்பைத் தந்து, ஒரு கிளாஸ் எத்தனை இன்டர்ஃபேஸ்களையும் ஏற்கலாம் என்றது. இன்டர்ஃபேஸ் என்பது பிறப்பைக் குறியாமல், இன்ன ஏவல்களுக்கு விடையளிக்கும் என்னும் உறுதியை மட்டும் குறிப்பது. பிறப்பினால் வரும் இனத்தையும் சார்த்தப்பட்ட அடையாளத்தையும் வேறுபடுத்திய பழைய பகுப்புக்கு இது மிக அருகில் வருகிறது. ஆகாயத்தன்மைக்கு எழுந்த தடை இதற்கு மாறான படிப்பினையைத் தருகிறது: ஒரே ஓர் ஆப்ஜெக்ட் மட்டும் உடைய கிளாஸும், நேரடியாக ஓர் ஆப்ஜெக்டையும் ஆக்கவியலாத அருவக் கிளாஸும் நிரலாக்கத்தில் குற்றமற்றவை. நியாயநூலார் கூறும் பொதுமை பல தனிப்பொருள்களில் உறைந்தே அறியப்படுவது. கிளாஸோ தனிப்பொருள் எதுவும் தோன்றுமுன் எழுதி முடிக்கப்படுவது. இவ்வேறுபாடு, கிளாஸ் என்பது கண்டறியப்படும் பொதுமை அன்று, செய்வோனின் தீர்மானம் என்பதை உறுதிசெய்கிறது.

இத்தீர்மானம் மனிதர்மேல் சுமத்தப்படும்போது வினா அறவியல் சார்ந்ததாகிறது. ஆள் என்னும் கிளாஸுக்கு முதற்பெயர், குடும்பப்பெயர் என இரண்டு கட்டாயக் கூறுகளை வகுத்துக்கொண்ட நிரல்கள் உலகெங்கும் வழங்குகின்றன. தந்தையின் பெயரை முதலெழுத்தாக இட்டுத் தம் பெயர் ஒன்றையே வழங்கும் தமிழ்நாட்டு வழக்கம் அவ்வகுப்பில் அடங்குவதில்லை. தந்தையின் பெயர் குடும்பப்பெயராகி, அயல்நாட்டு அலுவலகத்தில் மகளை அவள் தந்தையின் பெயரால் அழைக்கும் நிலை நேர்கிறது. கிளாஸ் உலகின் பிரதி என்று கற்றவருக்கு இங்கே பெயர் உடையவரே விதிவிலக்காகத் தோன்றுவார். கிளாஸ் ஒரு சமூகத்தின் வழக்கத்தை நோக்கிச் செய்த தீர்மானம் என்று கற்றவருக்குத் திருத்தப்பட வேண்டியது கிளாஸ் என்பது விளங்கும்.

இதற்கு எதிராக வலுவான ஒரு தடை கூறப்படலாம். தொடக்க நிலையில் இருப்பவர்க்கு ஐயத்தைக் கற்பிப்பது பயனற்றது, நிற்க ஓரிடம் கிடைத்த பின்பே ஐயம் பொருளுடையதாகும் என்பது அத்தடை. 17ஆம் நூற்றாண்டில் தொடக்க மாணவர் எளிதில் உணர்வதற்காகத் தருக்க சங்கிரகத்தை இயற்றிய அன்னம்பட்டர், பொர்பிரியைப் போல ஒதுங்கி நிற்கவில்லை. பொதுமை நித்தியம், ஒன்று, பலவற்றில் உறைவது என்று தயங்காமல் வரையறுத்தார். சிவஞான முனிவரால் தமிழிலும் ஆக்கப்பட்ட அந்நூலைக் கற்றவர்கள் அவ்வுறுதியினால் கெட்டுவிடவில்லை; எதிர்த்து வாதிடுவதற்கேனும் உறுதியான ஒரு நிலை அவர்களுக்குத் தேவைப்பட்டது. இத்தடை நேரியதே. ஆயினும் தருக்க மாணவர்க்கு எதிர்வாதி ஒருவர் எப்போதும் இருந்தார். சமணரும் பிறரும் வரையறையின் குறையைக் காட்டக் காத்திருந்தனர். தனியே அமர்ந்து நிரலாக்கம் கற்பவருக்கு அத்தகைய எதிர்வாதி இல்லை. ஆதலால் நூலே இரு பணியும் செய்ய வேண்டியதாகிறது: முதலில் ஒரு பகுப்பை உறுதியாக நிறுவ வேண்டும், பின்னர் அப்பகுப்பு உடையும் இடத்தையும் தானே காட்ட வேண்டும்.

இவ்விரண்டையும் செய்யும் நூல்கள் உள்ளன. டேவிட் பார்ன்ஸும் மைக்கேல் கோலிங்கும் ஜாவாவில் தொடக்க மாணவர்க்காக எழுதிய ஆப்ஜெக்ட்ஸ் ஃபர்ஸ்ட் என்னும் பாடநூல், பயணச்சீட்டு வழங்கும் எந்திரம் ஒன்றின் எளிய வடிவத்தை முதலில் தந்து, செலுத்தப்படும் தொகையை அது சரிபார்ப்பதில்லை என்பதைக் கற்பவரே காணுமாறு செய்து, பின் திருத்துகிறது. பிற்பகுதியில், சொற்களால் ஆடும் விளையாட்டு நிரல் ஒன்றை வேண்டுமென்றே குறையுடைய அமைப்பில் அளித்து, மேலும் கீழும் செல்லும் புதிய திசைகளைச் சேர்க்க முயலும்போது மாற்றம் பல கிளாஸ்களில் பரவுவதைக் காட்டுகிறது. ரூபி மொழியில் பொருள்நோக்கு வடிவமைப்பைப் பற்றி 2012இல் வெளிவந்த சாண்டி மெட்ஸின் நூல், மிதிவண்டியைக் குறிக்கும் ஒரு கிளாஸை எடுத்துக்கொண்டு, புதிய வகை மிதிவண்டி தேவைப்படும்போது அதனை மரபுரிமத்தால் விரித்து, அதுவும் போதாதபோது உறுப்புகளின் சேர்க்கையாக மாற்றியமைக்கிறது. ஆனால் நிரல் எழுதப் பழகியவரையே அது கேட்போராகக் கொள்வதால் இரண்டாவது நூலாகவே தகும். திமத்தி பட் 1991இல் வெளியிட்ட அறிமுக நூலோ, வேறூரிலுள்ள ஒருவருக்குப் பூக்கடைக்காரர் வழியாகப் பூ அனுப்பும் நிகழ்ச்சியைக்கொண்டு தொடங்கி, பணியை ஒப்படைத்தவர் அது நிறைவேறும் முறையை அறிய வேண்டியதில்லை என்னும் செய்திக் கொள்கையை நிறுவுகிறது. எரிக் காமா முதலிய நால்வர் 1994இல் வெளியிட்ட டிசைன் பேட்டர்ன்ஸ் புகழ்பெற்றதாயினும், உடைந்த பகுப்புகளைப் பலகாலம் கண்டவர்க்கே பயன்படுவது. புகழ் கருதி அதனைத் தொடக்கத்தில் எடுப்பவர், வினாவை அறியாமல் விடைகளை மனப்பாடம் செய்தவர் ஆவார்.

மெனோனின் புதிருக்கு இங்கே ஒரு வழி திறக்கிறது. நூலின் உள்ளடக்கத்தை மதிப்பிடக் கற்காதவரால் இயலாது. ஆனால் ஆசிரியர் தாம் முன்பு வகுத்த கிளாஸ் ஒன்றைப் பின்வரும் இயலில் தாமே மாற்றியமைக்கிறாரா, அம்மாற்றத்துக்கு நிரலின் பயனில் தோன்றிய புதிய தேவை ஒன்றைக் காரணமாகக் காட்டுகிறாரா என்பதைத் துறையறியாதவரும் புரட்டிப் பார்த்தே அறியலாம். எளிதில் வீழ்த்துவதற்கென்றே அமைக்கப்பட்ட அறிவீனமான முதல் வடிவமும் சில நூல்களில் வரும். முதல் வடிவம் அதன் காலத்துத் தேவைக்குப் போதியதாக இருந்ததா என்பதே அதனை இனம்காணும் வழி. இதனோடு, நன்னூல் தன் பாயிரத்தில் ஒரு நூலின் பாயிரம் காட்ட வேண்டியனவாக வகுக்கும் எட்டனுள் கேட்போரும் பயனும் இடம்பெறுவது நினைக்கத்தக்கது. நூலின் முன்னுரை யாரைக் கேட்போராகக் கொள்கிறது என்பதைக் கூறாவிடில், அந்நூல் எவருக்காகவும் எழுதப்பட்டதன்று எனக் கொள்ளலாம். நிரலாக்க மொழி ஜாவாவா பைத்தானா என்பதும், 2001இல் அமெரிக்கக் கணினிச் சங்கங்கள் வெளியிட்ட பாடத்திட்டம் பல வழிகளுள் ஒன்றாகக் குறித்தவாறு ஆப்ஜெக்ட்களிலேயே தொடங்குவதா, கட்டளைகளில் தொடங்குவதா என்பதும் இவற்றுக்கு அடுத்த நிலையில் வைத்து எண்ணத்தக்கவை. மொழியைப் பின்னர் மாற்றிக்கொள்ளலாம், முதலில் படிந்த பகுப்புப் பழக்கத்தை மாற்றுவது கடினம்.

இவ்வளவையால் தேர்ந்த நூலும் பொதுமை பற்றிய வழக்கைத் தீர்த்துவைக்காது. பசுத்தன்மை பசுக்களில் உறைகிறதா என்பதற்கு நிரலாக்கம் விடை கூறும் தகுதி பெற்றதும் அன்று. அது செய்யக்கூடியது வரம்புடையது: மனிதர் செய்யும் வகைமைகள் மனிதரால் திருத்தப்படத்தக்கவை என்பதையும், திருத்துவோர் எப்பயன் கருதித் திருத்துகின்றனர் என்று கூறக் கடமைப்பட்டவர் என்பதையும் கைப்பழக்கத்தில் பதியவைப்பது. கணக்குகளையும் பெயர்களையும் நோயாளர் பதிவுகளையும் கிளாஸ்களாக வகுக்கும் பணி, அறிமுக நூலைப் படித்து முடித்தோரின் கைகளுக்கே பெரும்பாலும் செல்கிறது. தம் வகுப்பில் அடங்காத ஒருவர் எதிர்ப்படும்போது வகுப்பைச் சோதிக்கும் பழக்கத்தை அந்நூல் அவர்களுக்குத் தந்திருந்தால், அதன் தேர்வு நல்ல தேர்வே.